மறைப்புக்குக் கட்டிய சேலை

ஐந்தரைக்குப் பெரட்டுத் தப்பு அடித்தது. பத்மநாதன் எழுந்தான். இரட்டைக் கட்டிலில் வலது பக்கத்து விரிப்பைத் தட்டி இழுத்தான். இடது பக்கம் கலைந்திருக்கவில்லை. முகம் கழுவினான். பிளாஸ்கில் ஊற்றி வைத்திருந்த வெந்நீரில் சவரம் செய்தான். திருநீறு பூசினான். வெள்ளைக் காற்சட்டை, கஞ்சி போட்ட சட்டை, கறுத்தச் சப்பாத்து. மேசையில் மாமியாரின் கடிதம் கிடந்தது. அதை மைக்கூட்டுக்கு அடியில் தள்ளினான். எல்லாவற்றுக்கும் இருபது நிமிடம். மனைவி இருந்த காலத்திலும் இருபது நிமிடம்தான்.

குசினியில் பாக்கியம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடி அந்தச் சத்தத்தைக் கேட்டான். கேட்டான் என்றுகூடச் சொல்ல முடியாது, கூரையில் விழும் மழையைக் கேட்பது போலத்தான். பிறகு முன்கதவின் தாழ்ப்பாளை நீக்கித் திறந்தான்.

வாசற்படியில், சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, பனிமூட்டத்துக்குள் பாக்கியம் நின்றாள்.

"தட்டலாம்னு கைய எடுத்தேன், நீங்களே தொறந்துட்டீங்க" என்றாள்.

குசினியில் துருவும் சத்தம் நிற்கவில்லை.

பத்மநாதன் திரும்பி நடந்தான். ஓடவில்லை, வேலைக்காரிக்கு முன்னால் ஓடும் பழக்கம் அவனுக்கில்லை. குசினிக் கதவைத் தள்ளியதும் சத்தம் அறுந்தது. அடுப்பில் நேற்றைய சாம்பல். பின்கதவு உள்ளே தாழிட்டபடி. திருவலை சுவரில் ஆணியில் தொங்கியது. அதன் பல்லை விரலால் தொட்டுப் பார்த்தான். உலர்ந்து, லேசாகத் துருவேறியிருந்தது. மூன்று நாளாக வீட்டில் தேங்காயே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எலியா இருக்கும்ங்க" என்றாள் பாக்கியம், சாக்கை உதறிக்கொண்டே. "கிளாக்கரய்யா வூட்டு எலியில்ல? அதுவும் உங்களாட்டம் விடியமுன்ன எந்திரிச்சு வேலைக்குப் போவுது போல."

பத்மநாதன் சிரிக்கவில்லை. கூலி லயத்து ஆட்களின் பகிடிக்குச் சிரிப்பதில்லை என்று தோட்டத்துக்கு வந்த முதல் வாரமே முடிவெடுத்திருந்தான்.

அவனுக்கு இருபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் நல்ல கல்லூரியில் படித்து, ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் ஒரு வெள்ளிக் கிண்ணம் வாங்கி, அரசாங்க உத்தியோகத்துக்கு மூன்று தரம் பரீட்சை எழுதித் தவறி, லுணுகலைக்கு மேலே பாம்புமலைத் தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கராக வந்து விழுந்தவன். விழுந்தவன் என்பது அவனுடைய சொல். துரையின் கொச்சைத் தமிழ், பெரிய கங்காணியின் வெள்ளிப் பூண் போட்ட குடை, லுணுகலைக் கடையில் அலவி நானா கொடுக்கும் ஓசித் தேநீர், அதோடு சேர்ந்து வரும் அனுதாபம், எல்லாவற்றையும் மூக்கின் நுனியால்தான் பார்ப்பான். மனைவி செத்த பிறகு அந்த அலட்சியம் இன்னும் வசதியாகப் போயிற்று. ஆட்கள் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

லீலாதேவி இறந்து நாலு மாதம். ஆடிக் காற்று தேயிலை மலையைப் பிடித்து உலுக்கிய ஒரு வியாழக்கிழமை, நாலு மாதக் கர்ப்பம் கலைந்தது. அன்றைக்கே தோட்டத்து ஆஸ்பத்திரியில் டொக்டர் அவள் வயிற்றைச் சுத்தம் செய்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் தலைக்கேறி, பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், பசறைக்கு இந்தப் பக்கம், தோட்டத்து லொறியிலேயே அடங்கிப் போனாள்.

அவளுடைய தாய் யோகம்மா மாதம் தவறாமல் எழுதினாள். எல்லாக் கடிதத்திலும் ஒரே கேள்வி. என்ர பிள்ளை கடைசியாய் என்ன சொன்னவள்? 'அம்மாவைக் கவனியுங்கோ எண்டு சொன்னவள்' என்று அவன் முதல் மாதமே பதில் போட்டுவிட்டான். அழகான பதில். எந்தத் தாயும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பேசாமல் இருப்பாள். யோகம்மா பேசாமல் இருக்கவில்லை. அவள் அப்பிடிச் சொல்லுற பிள்ளையில்லையே தம்பி, உண்மையாய் என்ன சொன்னவள்?

மைக்கூட்டுக்கு அடியில் கிடந்தது நாலாவது கடிதம்.

*

அந்தச் சத்தம் மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும்.

கூலிகளை வேலைக்கு எழுப்பும் பெரட்டுத் தப்பு அடித்து ஓய்ந்த பிறகு, லயங்களில் பிள்ளைகளின் அழுகையும் வாளிகளின் கணகணப்பும் எழும்புவதற்கு முன்னால், மலை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல ஒரு சிறு இடைவெளி உண்டு. கார்த்திகை மூட்டம் ஜன்னல் கண்ணாடியில் ஈரத் துணியாக ஒட்டிக்கொண்டு, தகரக் கூரையிலிருந்து துளித்துளியாகச் சொட்டி, ஈர விறகின் புகையும் தூரத்துத் தொழிற்சாலையின் வாடிய கொழுந்து வாசமும் கலந்து அறைக்குள் வரும் அந்த இடைவெளியில்தான் அது தொடங்கும். இரண்டு நாள் அவன் அதைத் தேங்காய் துருவும் சத்தம் என்றே வைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் திருவலையைக் கழற்றி எடுத்துப்போய், வீட்டுக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில் வீசிவிட்டு வந்தான்.

"திருவலை எங்கங்கய்யா?" என்றாள் பாக்கியம்.

"உடைஞ்சு போச்சு."

"இரும்பு எப்பிடிங்க ஒடையும்?"

"அது உனக்குத் தேவையில்லாத கதை."

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஐந்து மாத வயிறு. அதை அவன் பார்ப்பதில்லை. அவள் வரும்போது பத்திரிகையை உயர்த்திப் பிடித்துக்கொள்வான். அவளுக்கு அது விளங்கியிருந்தது. வயிற்றைச் சாக்கால் மறைத்துக்கொண்டுதான் தேநீர் கொண்டுவந்து வைப்பாள்.

நாலாம் நாள் சத்தம் குசினியில் இல்லை. படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. கிட்டத்தில் கேட்டபோது, அது தேங்காயே அல்ல என்று தெரிந்தது. தேங்காய் துருவுகிறவள் அவசரப்படுவாள், மூச்சு வாங்குவாள், சிரட்டையைத் திருப்புவாள். இது அவசரமில்லாத கை. மூன்று சுரண்டல். ஒரு நிறுத்தம். பிறகு எனாமல் பேசினில் ஏதோ விழும் சின்னஞ்சிறு ணங். மூன்று சுரண்டல். ஒரு நிறுத்தம். ணங்.

இந்தத் தாளம் அவனுக்குத் தெரியும். முன்பொரு நாள் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று, அதைப் பத்து நிமிடம் எண்ணியிருக்கிறான்.

சுவர்ப் பக்கமிருந்து, ஆஸ்பத்திரி கழுவும் லைசோல் மருந்தின் மணம் வந்தது. லைசோலுக்கு அடியில் இன்னொரு மணம். ஈரமான பழைய இரும்பு போல.

*

செவ்வாய்க்கிழமை டிஸ்பென்சர் அம்பலவாணர், துரை கையெழுத்துப் போட்ட லீவுக் கடதாசியோடு கந்தோர் ஜன்னலுக்கு வந்தார். ஐம்பது வயது. பத்மநாதனின் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலப்பவரும் அவர்தான், கிழமைக்கொருமுறை வரும் டொக்டருக்குத் தமிழை ஆங்கிலமாக்கிக் கொடுப்பவரும் அவர்தான்.

"தம்பி, நாளைக்குப் பதுளையில ரயில் ஏறுறன். மகளின்ர சம்பந்தப் பேச்சு. பத்து நாள் நிப்பன்."

"நல்லது" என்றான் பத்மநாதன், தலை நிமிராமல்.

"வியாழக்கிழமை டொக்டர் வருவார். கதை மாத்திச் சொல்ல ஆள் வேணுமெண்டால் உம்மைத்தான் கூப்பிடுவார். போய் நில்லும்." ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவர் சிரித்தார். "நீர்தானே அனுபவசாலி."

"பகிடி விடுறியளோ?"

"பகிடியில்லை. அண்டைக்கு உள்ளுக்கு வரவேண்டாமெண்டு என்னைக் கதவுக்கு வெளியில நிப்பாட்டினீர். நிண்டனான். கதவு மெல்லிய கதவு, தம்பி. எனக்குத் தமிழும் விளங்கும், இங்கிலிசும் விளங்கும். மனிசி சொன்னதையும் கேட்டனான். நீர் டொக்டருக்குச் சொன்னதையும் கேட்டனான்."

பத்மநாதன் பேனாவை வைத்தான்.

"அப்ப ஏன் உள்ளுக்கு வந்து சொல்லேல்லை?"

"உம்மட மனிசி. உம்மட மானம். நான் ஆர் இடையில?" என்றார் அம்பலவாணர். கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, படியிறங்கிப் போனார்.

லீலாவுக்குக் கர்ப்பம் கலைந்த அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். உள்ளே மிச்சமிருப்பதைச் சுரண்டி எடுக்க வேண்டும், பத்து நிமிட வேலை, மயக்க மருந்து கொடுத்தால் ஒன்றும் தெரியாது என்று டொக்டர் சொன்னார். ஆனால் சாப்பிட்டவளுக்கு மயக்க மருந்து கொடுக்க முடியாது. நோய்க்காரியைப் பட்டினி போடக்கூடாது என்று, பத்மநாதனே அன்று காலை பாக்கியத்தை ஏவி இரண்டு கோப்பை கஞ்சி பருக்கியிருந்தான். ஆகவே ஒரு ஊசி மட்டும். லீலா விழித்தே இருப்பாள். அவளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். டொக்டர் வண்டர்வால் பதுளையிலிருந்து வரும் பறங்கி. தமிழில் அவருக்கு வலி, மூச்சு, நாக்கு என்ற மூன்று சொற்கள்தான் தெரியும்.

அம்பலவாணர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பத்மநாதன் வாசலை மறித்தான். அடுத்த ஊர்க்காரன் பார்ப்பது ஊரே பார்ப்பதற்குச் சமம். பறங்கி பார்ப்பது பார்ப்பதில் சேர்த்தியில்லை. நானே மொழிபெயர்க்கிறேன், சேர், என்று கல்லூரி மேடையில் நிற்பது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னான். வீட்டிலிருந்து நீலக் கரை போட்ட அவளுடைய வெள்ளைச் சேலையைக் கொண்டுவரச் செய்து, கட்டிலுக்கும் தனக்கும் நடுவே கொடியில் மறைப்பாகக் கட்டினான். அதற்கு இந்தப் பக்கம் சுவரைப் பார்த்து நின்றான். அவள் முகம்கூட அவனுக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டுமென்று அவன் கேட்கவுமில்லை.

முதலில் நோகுது என்றாள். அதைச் சொன்னான். பிறகு சுரண்டும் சத்தம். மூன்று, ஒரு நிறுத்தம், ணங். அது ஓயப்போகும் நேரத்தில் அவள் குரல் சேலையைத் தாண்டி வந்தது.

"இஞ்சேருங்கோ. இன்னும் கிடக்கு. அவர் முழுக்க எடுக்கேல்லை. எனக்குத் தெரியுது. சொல்லுங்கோ அவருக்கு."

என்ன சொல்கிறாள் என்று கேட்டார் டொக்டர்.

எட்டாம் வகுப்போடு நின்றவள், டொக்டருக்கு வைத்தியம் படிப்பிக்கிறாள். பத்மநாதனுக்குக் காது சுட்டது.

"நத்திங், சேர்."

அவள் திரும்பவும் சொன்னாள். டொக்டர் திரும்பவும் கேட்டார். "நத்திங், சேர்." மூன்றாம் தரம் அவள் கத்திச் சொன்னாள். வெளியே மருந்துக்கு நின்ற கூலிகளின் பேச்சு நின்றது. சேலைக்கு மிக அருகில் வாயை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் சொன்னான்: "வாயைப் பொத்திக்கொண்டு கிட."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். துணிச்சலான பெண் என்றார் டொக்டர். பத்மநாதனின் ஆங்கிலத்தையும் இரண்டு வார்த்தை பாராட்டினார். சேலையை அவிழ்த்துக்கொண்டு போக அவனுக்கு நினைவு வரவில்லை.

ஆங்கிலம் அவளுக்கு விளங்காது என்றுதான் அவன் நம்பியிருந்தான். பிஸ்கட் டின்னில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அதைக் கேட்டு எத்தனை தரம் சிரித்திருக்கிறான்.

*

வியாழக்கிழமை. ஐந்தரைக்குப் பெரட்டுத் தப்பு அடித்தது. பத்மநாதன் எழுந்தான். கட்டிலின் வலது பக்கத்து விரிப்பைத் தட்டி இழுத்தான். இடது பக்கத்தையும் தட்டி இழுக்க வேண்டியிருந்தது.

இடது பக்கம் ஈரமாக இருந்தது. கையை மூக்கருகே கொண்டுபோனான். லைசோல்.

முகம் கழுவினான். சவரம் செய்தான். கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டான். கட்டிலுக்குள்ளிருந்து, விரிப்புக்கும் மெத்தைக்கும் நடுவிலிருந்து, அது வந்துகொண்டேயிருந்தது. மூன்று. ஒரு நிறுத்தம். ணங். திருநீறு பூசினான். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபோது, லயத்துத் தண்ணீர்க் குழாயடியில் சண்டை பிடிக்கிறவர்களை எப்படிப் பார்ப்பானோ அப்படித்தான் பார்க்க முடிந்தது. படித்தவன். வெள்ளிக் கிண்ணம் வாங்கியவன். மூன்றே சொல்லை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் சுமக்கத் தெரியாத சுமைகாரன்.

இனிமேல் யார் என்ன சொன்னாலும் சொன்னபடி சொல்வது என்று கண்ணாடியிடம் சொல்லிக்கொண்டான். சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

ஏழு மணியாகியும் பாக்கியம் வரவில்லை. எட்டு மணிக்கு அவள் புருஷன் வந்தான். மழையில் தோய்ந்து, கந்தோர் வாசலில் கைகட்டி நின்றான்.

"கிளாக்கரய்யா, வூட்டுக்காரிக்கு விடிய இருந்து ரத்தம் போகுதுங்க. புள்ள விழுந்துருச்சுங்க. டாக்டரு வந்துட்டாரு. அவருகூடப் பேச ஆளில்லீங்க. உங்களக் கூட்டியாரச் சொன்னாருங்க."

தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது மூன்று கட்டில், ஒரு மேசை, பூட்டிய அலுமாரி. மயக்க மருந்து அலுமாரிக்குள் இருந்தது. அது உத்தியோகத்தர் குடும்பங்களுக்கு. பாக்கியம் விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவளுக்குத் தாராளமாகக் கொடுத்திருக்கலாம். இவர்கள் உரம் பாய்ந்த சனங்கள், பத்து நிமிட வேலைதானே, என்றார் டொக்டர் வண்டர்வால். நேற்றைய விஸ்கி இன்னும் அவர் மூச்சில் இருந்தது.

கட்டிலில் பாக்கியத்தின் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. அவனைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற மருத்துவச்சி தோளை அமர்த்தினாள்.

"நீங்களாய்யா?" என்றாள் பாக்கியம். "காலையில யாரு தேத்தண்ணி வச்சுக் குடுத்தா? எலியா?"

"பேசாமல் படு" என்று சொல்ல வந்தவன், வாயை மூடிக்கொண்டான்.

"ஐயா." அவன் சட்டைக் கைப்பட்டியை எட்டிப் பிடித்தாள். அப்படியெல்லாம் தொடுகிறவள் அல்ல. "நா சொல்றத சொன்னபடிக்கே சொல்லிருங்கய்யா அவருகிட்ட. லயத்துப் பொம்பள ஒளர்றான்னு விட்றாதீங்க. மூத்தது ரெண்டு இருக்குங்க எனக்கு."

"சொல்றன்" என்றான் பத்மநாதன். பிறகு, ஏனென்று தெரியாமல், "சத்தியமாய்" என்றான்.

மருத்துவச்சி கொடியில் மறைப்பை இழுத்து விட்டாள். நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை. நாலு மாதமாக இங்கேயே கிடந்து, துவைத்துத் துவைத்து மங்கி, கீழ்க்கரையில் போகாத ஒரு பழுப்புக் கறை.

அவன் சுவரைப் பார்த்து நின்றான்.

கால்களை அகட்டச் சொல் என்றார் டொக்டர். சொன்னான். அசையாமல் கிடக்கச் சொல் என்றார். சொன்னான். "வலிக்குதுங்க, ஐயோ, வலிக்குதுங்க" என்றாள் பாக்கியம். வலிக்கிறதாம், சேர். தெரியும் என்றார் டொக்டர். சுவரில் சுண்ணாம்பு ஒரு இடத்தில் பெயர்ந்து, உள்ளே செம்மண் தெரிந்தது. மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி மெல்லக் கரைத்துக்கொண்டிருந்தது. வெளியே யாரோ இருமினார்கள். லைசோல் மணம் தொண்டைவரை வந்து நின்றது. பாக்கியத்தின் முனகல் ஏதோ ஒரு கட்டத்தில் அடங்கிவிட்டது. மருத்துவச்சி குனிந்து ஏதோ செய்யும் சரசரப்பு, பிறகு வேறு சத்தமில்லை. அந்த அமைதிக்குள், அவன் எதிர்பார்த்திருந்தபடியே, அது தொடங்கியது.

மூன்று சுரண்டல். ஒரு நிறுத்தம். ணங்.

எண்ணினான். முப்பது. முப்பத்தொன்று.

"இஞ்சேருங்கோ."

அவன் திரும்பவில்லை.

குரல் சேலைக்கு மிக அருகில் இருந்தது, யாழ்ப்பாணத்துப் பேச்சு. துணி மூச்சில் அசைந்து அவன் பிடரியைத் தொட்டது. பாக்கியத்தின் பாட்டன் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவன். அவள் யாழ்ப்பாணத்தை வரைபடத்தில்கூடக் கண்டதில்லை.

"இஞ்சேருங்கோ. இன்னும் கிடக்கு."

முப்பத்திரண்டு. ணங்.

"அவர் முழுக்க எடுக்கேல்லை. சொல்லுங்கோ."

சத்தியம் செய்திருந்தான். மூத்தது இரண்டு. கண்ணாடி. வெள்ளிக் கிண்ணம்.

"சொல்லுங்கோ அவருக்கு."

"சேர்" என்றான் பத்மநாதன். தன் குரலை அவனாலேயே அடையாளம் காண முடியவில்லை. "உள்ளே இன்னும் மிச்சம் இருக்கிறது என்று சொல்கிறாள், சேர். முழுதும் எடுபடவில்லையாம். அவளுக்குத் தெரிகிறதாம்."

சுரண்டல் நின்றது.

"யார் சொல்வது?" என்றார் டொக்டர்.

"இவள்தான், சேர். நோயாளி."

கொடிக் கம்பி கிறீச்சிட்டது. டொக்டர் முழங்கையால் சேலையை ஒதுக்கினார். "பார், மனிதா" என்றார்.

பாக்கியத்தின் வாய்க்குள் நாலாக மடித்த துவாய் திணித்திருந்தது. அது வெளியே வராதபடி, தாடையோடு சேர்த்துத் தலையைச் சுற்றி ஒரு கட்டு. கண்கள் மூடியிருந்தன. கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கிடந்தது.

டொக்டரின் ஆங்கிலம் விளங்காவிட்டாலும் மருத்துவச்சிக்கு விஷயம் விளங்கியது. "அவ எங்கிட்டுங்க பேசுனா? நாக்கக் கடிச்சுக்குவான்னு துணிய வச்சுக் கட்டி அஞ்சு நிமிசமாச்சுங்களே."

டொக்டர் அவனைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பான். அவர் பார்த்தது இரக்கத்தோடு. நாலு மாதத் தாடி வைத்த பைத்தியக்காரனைச் சந்தையில் பார்ப்பது போல. துரையிடம் தானே பேசுவதாகவும், ஊருக்குப் போய் ஒரு மாதம் ஓய்வெடுக்கும்படியும் சொன்னார். பிறகு கையுறையைப் பாதி கழற்றியபடி, பொறுமையாக, குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டார்: வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா, பத்மநாதன்?

இருந்தது. மறுபடியும் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். பைத்தியம் என்றாலும் பரவாயில்லை, இன்னொரு முறை பாருங்கள். அவ்வளவுதான். வாசலில் கூலிகள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாக்கியத்தின் புருஷனும் நின்றான். டொக்டர் புருவத்தை உயர்த்திக் காத்திருந்தார்.

காது சுட்டது.

"நத்திங், சேர்" என்றான் பத்மநாதன்.

டொக்டர் கையுறையைக் கழற்றிப் பேசினில் போட்டார். கையைக் கழுவினார். சற்று நேரத்தில் அவருடைய கார் வளைவு வளைவாக இறங்கிப் போகும் சத்தம் மூட்டத்துக்குள் தேய்ந்து மறைந்தது. மருத்துவச்சி வாசலில் நின்றவர்களை விரட்டிக் கதவைச் சாத்திவிட்டு, சுரண்டும் கரண்டிகளையும் பேசினையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் கழுவப் போனாள்.

அறையில் கரண்டி இல்லை. பேசின் இல்லை.

மூன்று சுரண்டல். ஒரு நிறுத்தம். ணங்.

கம்பளிக்குக் கீழிருந்து வந்தது. பாக்கியத்தின் வயிற்றுக்குள்ளிருந்து. கம்பளி அசையவில்லை. அவசரமில்லாத கை.

அவன் போயிருக்கலாம். கதவு நாலடி தூரம்தான். கட்டிலருகே போனான். தலைக்கட்டின் முடிச்சை அவிழ்த்தான். விரல்கள் வழுக்கின. துவாயை மெல்ல இழுத்தான். வந்துகொண்டேயிருந்தது. ஈரம். பல் பதிந்த தடம்.

பாக்கியம் கண்ணைத் திறந்தாள்.

அந்தப் பார்வை பாக்கியத்தினுடையது அல்ல. லயத்துப் பெண் கிளாக்கரை அப்படிப் பார்க்க மாட்டாள். மேலிருந்து கீழே. மூக்கின் நுனியால். அவனே ஊரையெல்லாம் பார்த்த பார்வை அது.

"என்ன வேணும்?" என்றான்.

பசறைக்கு இந்தப் பக்கம், லொறியில், சாக்குகளின் மேல் கிடந்தவளிடம் குனிந்து அவன் கேட்டதும் இதைத்தான். என்ன வேணும், லீலா? அன்றைக்கும் இப்படித்தான் கண் திறந்தது. இப்படித்தான் பார்த்தது. லீலா உண்மையில் கடைசியாகச் சொன்னதை அவன் யாருக்கும் சொல்லவில்லை. யோகம்மாவுக்கு எழுதவில்லை. அவள் அதைச் சொன்னது அவனுடைய அதே கல்லூரி உச்சரிப்பில். பெரியவர்களுக்கு முன்னால் குரல் தாழும் அவனுடைய அதே பணிவு.

பாக்கியத்தின் உதடு பிரிந்தது.

"நத்திங், சேர்."